ஓட்டமும் ஆறுதலும்

மலையேறும் வண்டியைக் கூர்ந்து நோக்கினால் ஓடும் மனிதனின் இயல்பு நன்கு விளங்கும். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலை ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நீளமுடையது. கிருஷ்ணகிரி கடல் மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்திலும், ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலும் அமைந்துள்ளன. ஆதலின் மேலுமலை, சூளகிரி ஆகிய ஊர்களின் வழியே செல்லும் லாரி அவ்வளவு உயரத்தையும் தன் சுமையோடு ஏறியாக வேண்டும். பழகிய ஓட்டுநர் ஏற்றத்தின் தொடக்கத்திலேயே வண்டியை முழு வேகத்தில் முடுக்கமாட்டார். சுமை எவ்வளவு, ஏற்றம் எவ்வளவு, எஞ்சின் தாங்குவது எவ்வளவு என்பவற்றை எண்ணிப் பார்த்துக் கியரை மாற்றி மாற்றிச் செலுத்துவார். பழகாதவரோ அடிவாரத்தில் பாய்ந்து சென்று, பாதி வழியில் எஞ்சின் கொதித்து, ஆவி கிளம்ப ஓரமாக நிற்பார். முன்னவர் பின்னால் வந்து அவரைக் கடந்து போவார்.

வலிமை இருவர் வண்டிக்கும் ஒன்றே. அதைச் செலவிடும் அறிவே வேறுபட்டது. தடகளத்தில் ஓடும் மாணவர்க்கும் இவ்வறிவு இன்றியமையாதது. அதனையும், அதனோடு பிரிக்க முடியாத ஆறுதல் என்னும் மற்றொன்றனையும் இப்பாடத்தில் காண்போம்.

பள்ளி விளையாட்டு விழாவில் 400 மீட்டர் ஓட்டத்தைப் பார்க்காதவர் இலர். விசில் ஒலித்ததும் மாணவர் வில்லினின்று விடுபட்ட அம்பெனப் புறப்படுவர். முதல் நூறு மீட்டரில் ஒருவரையொருவர் முந்தப் பாய்வர். இருநூறு மீட்டர் கடந்ததும் சிலருடைய தோள்கள் காதுவரை உயரும், கைகள் இறுகும், கால்கள் ஈயக்குண்டு கட்டியவைபோலக் கனக்கும். இறுதி நூறு மீட்டரில் ஓட்டம் நடையாகும். எல்லைக்கோட்டருகே ஒருவன் விழுவான். சுற்றி நிற்போர், "எவ்வளவு முயன்றான், பாவம்!" என்று பாராட்டுவர். அவன் முயன்றது உண்மையே. ஆயினும் அறுபது விநாடிகளுக்கு உரிய பொருளை முப்பது விநாடிகளில் செலவிட்டுவிட்டான் என்பதும் உண்மையே. திங்கள் முதல் நாளில் கிடைத்த ஊதியத்தைப் பத்தாம் நாளுக்குள் தீர்த்துவிட்ட குடும்பத்தலைவனின் நிலை அது.

நூறு மீட்டர் ஓடுபவர் ஏறக்குறைய முழு ஆற்றலையும் இறுதிவரை செலுத்தலாம். ஐயாயிரம் மீட்டர் ஓடுபவர் தொடக்கத்திலிருந்தே அடக்கி ஓடுவார். நானூறு மீட்டரோ இவ்விரண்டிற்கும் நடுவே நிற்பது. விரைவும் வேண்டும், அவ்விரைவைத் தாங்கும் திறனும் வேண்டும். இத்திறனை விரைவோட்டத் தாங்குதிறன் என்பர். திருவள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களை 48, 49, 50 என அடுத்தடுத்து வைத்துள்ளார். அவர் கூறியது அரசர்க்கு. ஆனால் அம்மூன்று அறிவும் நானூறு மீட்டர் ஓடும் சிறுவனுக்கும் சிறுமிக்கும் வேண்டும். தன் வலிமை எவ்வளவு, அதை எந்த விநாடியில் செலவிடுவது, பாதையின் எந்த இடத்தில் செலவிடுவது என அறிந்தவரே ஓட்டத்தை அறிந்தவர் ஆவர்.

இதன் காரணத்தை உடலுக்குள்ளே சென்று காண்போம். தசை சுருங்குவதற்கு வேண்டிய ஆற்றல் மூன்று வழிகளில் கிடைக்கின்றது. முதலாவது, தசையிலேயே சேமித்து வைக்கப்பட்டிருக்கும் கிரியாட்டின் பாஸ்பேட் என்னும் பொருள். கையிலுள்ள சில்லறைக்காசு போன்றது இது, உடனே பயன்படும், ஆனால் முழு விரைவில் ஓடினால் ஏறத்தாழப் பத்து விநாடிகளில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இரண்டாவது, தசையிலுள்ள கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருள் ஆக்சிஜனின் உதவியின்றி விரைவாகச் சிதைந்து தரும் ஆற்றல். இது பெரிதும் பயன்படுவது. ஆயினும் இவ்வாறு சிதையும்போது லாக்டேட் தோன்றுகிறது. தசையில் அமிலத்தன்மையும் மிகுகின்றது. தசை சோர்வதற்கு இவ்வமிலத்தன்மையும் ஒரு காரணமாகும். மூன்றாவது, நாம் உள்ளிழுக்கும் ஆக்சிஜனின் துணையால் கிடைப்பது. இது மெல்லத் தொடங்குவது, ஆனால் நெடுநேரம் நீடிப்பது.

நானூறு மீட்டர் ஓட்டம் மூச்சடக்கி ஓடுவது, அதற்கு ஆக்சிஜன் வேண்டுவதில்லை என்று முன்னர்ப் பலர் எண்ணியிருந்தனர். ஒரு நிமிடத்தை நெருங்கும் இவ்வோட்டத்தில், தேவைப்படும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு ஆக்சிஜன் வழியிலேயே கிடைக்கின்றது என்று பின்னர் நிகழ்ந்த ஆய்வுகள் காட்டின. லாக்டேட் வெறும் கழிவு என்று கருதியதும் பிழையே. இதயமும் ஏனைய தசைகளும் அதனை எரிபொருளாகக் கொள்கின்றன. ஆகவே தாங்குதிறன் என்பது வலியைப் பல்லைக் கடித்துப் பொறுக்கும் மனத்திண்மை மட்டும் அன்று. மூன்று வழிகளையும் சீராகப் பயன்படுத்த உடலைப் பழக்குதலே ஆகும்.

இனிக் கணக்கிற்கு வருவோம். ஒரு மாணவி 200 மீட்டரை 27 விநாடிகளில் ஓட வல்லவள் என்றும், 400 மீட்டரை 60 விநாடிகளில் முடிக்க விரும்புகின்றாள் என்றும் கொள்வோம். அவள் முதற்பாதியை 29 விநாடிகளிலும் பிற்பாதியை 31 விநாடிகளிலும் ஓடினால் கருதியது கைகூடும். முதற்பாதியையே 27 விநாடிகளில் ஓடிவிட்டால் இரண்டு விநாடி மிச்சம் என அவள் மகிழக்கூடும். ஆனால் அம்மிச்சத்திற்குக் கடைசி நூறு மீட்டர் வட்டியோடு கணக்குக் கேட்கும். பிற்பாதி 34, 35 விநாடிகள் என நீண்டு, மொத்தம் 60ஐக் கடந்துவிடும். முதற்பாதியை 32 விநாடிகளில் ஓடினாலோ, இழந்ததைப் பின்னர் மீட்பது அரிது. முன்பாதி சற்று விரைவாகவும் பின்பாதி சற்றுத் தாழ்ந்தும் இருத்தலே இவ்வோட்டத்தின் இயல்பு. அத்தாழ்வைச் சிறிதாக்குதலே பயிற்சியின் பயன்.

அமெரிக்க வீரர் மைக்கேல் ஜான்சன் 1999ஆம் ஆண்டு ஆகஸ்ட்டு 26ஆம் நாள் ஸ்பெயின் நாட்டுச் செவில் நகரில் 400 மீட்டரை 43.18 விநாடிகளில் ஓடி அந்நாளைய உலகச் சாதனையை நிறுவினார். அவர் முதல் 200 மீட்டரை 21.22 விநாடிகளிலும், அடுத்த 200 மீட்டரை 21.96 விநாடிகளிலும் ஓடினார். இரண்டிற்கும் இடையேயுள்ள வேறுபாடு முக்கால் விநாடிக்கும் குறைவு. அவரும் அவருடைய பயிற்றாசிரியர் கிளைடு ஹார்ட்டும் ஓட்டத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்துக்கொண்டனர். முதற்பகுதியில் உந்தி எழுதல். இரண்டாவதில் சீரைப் பிடித்து இறுக்கமின்றி ஓடுதல். மூன்றாவதில் பிறரை நோக்கித் தன் நிலையைச் செப்பம் செய்தல். நான்காவதில் சோர்வு வந்தபோதும் உடலின் அமைதி குலையாது ஓடுதல். இறுதிப் பகுதியில் எவரும் விரைவு கூட்டுவதில்லை என்பதை அறிக. பின்னாலிருந்து ஒருவர் பாய்ந்து முன்னேறுவதுபோல் நமக்குத் தோன்றும்போது, உண்மையில் ஏனையோர் அவரினும் மிகுதியாகத் தளர்கின்றனர்.

சீரைப் பற்றிய ஐயம் ஒரு கணம் தோன்றினாலும் எத்துணைப் பெரிய இழப்பு நேரும் என்பதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே சான்று உண்டு. மில்கா சிங் 1958ஆம் ஆண்டு கார்டிப் நகரில் நிகழ்ந்த காமன்வெல்த்துப் போட்டியில் 440 கெச ஓட்டத்தில் தங்கப்பதக்கம் வென்றவர். அன்று அவரிடம் தோற்று இரண்டாம் இடம் பெற்றவர் தென்னாப்பிரிக்க வீரர் மால்கம் ஸ்பென்ஸ். இரண்டாண்டுகள் கழித்து, 1960ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள், ரோம் ஒலிம்பிக் இறுதி ஓட்டத்தில் இருவரும் மீண்டும் ஓடினர். அமெரிக்கரான ஓடிஸ் டேவிசும் ஜெர்மானியரான கார்ல் காப்மனும் 44.9 விநாடிகளில் முதலிரண்டு இடங்களைப் பெற்றனர். ஸ்பென்ஸ் 45.5 விநாடிகளில் மூன்றாமவர் ஆனார். மில்கா சிங் 45.6 விநாடிகளில் நான்காமவர் ஆனார். ஒரு விநாடியில் பத்தில் ஒரு பகுதி! கண் இமைக்கும் அளவேயான அக்காலம் பதக்கத்தைக் கொண்டு போயிற்று.

ஏறத்தாழ 250 மீட்டர் சென்றபோது, மிக விரைவாக ஓடுகின்றோமோ, இறுதிவரை தாங்குவோமோ என்னும் எண்ணம் எழுந்து, விரைவைச் சற்றுத் தளர்த்தியதாக அவரே பிற்காலத்தில் கூறினார். தளர்த்திய விரைவை மீண்டும் பெற இயலவில்லை. அவ்வோட்டத்தில் அவர் நிறுவிய தேசியச் சாதனையை 1998ஆம் ஆண்டு பரம்ஜித் சிங் முறியடிக்கும்வரை, 38 ஆண்டுகள், எவரும் முறியடிக்கவில்லை. அத்தகைய பெருவீரரையும் ஓர் ஐயம் வென்றது. 2021ஆம் ஆண்டு மறையும்வரை அவர் அதனை நினைவுகூர்ந்து வந்தார். மாணவர் இதனால் அறியத்தக்கது யாது? எவ்வளவு விரைவில் ஓடுவது என்பதை ஓட்டத்தின் நடுவே முடிவு செய்தல் அரிது. அது பயிற்சிக் களத்திலேயே பலமுறை ஓடி, உடம்பில் பதிந்து, எண்ணாமலே வருவதாக இருத்தல் வேண்டும்.

அதைப் பதியவைக்கும் முறை எளியது. ஓசூர் பகுதிப் பள்ளிகளில் செயற்கை ஓடுதளம் இல்லை என்று வருந்த வேண்டா. சமமான மண்தரை ஒன்று போதும். அளவுநாடாவைக் கொண்டு பாதையை அளந்து, 50 மீட்டருக்கு ஒன்றாகச் சிறு கொடிகளை நட வேண்டும். நானூறு மீட்டரை 60 விநாடிகளில் ஓடும் சீர் வேண்டுமாயின், 50 மீட்டருக்கு ஏழரை விநாடி ஆகும். ஆசிரியர் கடிகாரத்தைப் பார்த்து ஏழரை விநாடிக்கு ஒருமுறை விசில் ஊதுவார். விசில் ஒலிக்கும்போது மாணவர் கொடியருகே இருத்தல் வேண்டும். கொடியைக் கடந்து சென்றிருந்தால் விரைவு மிகுதி. கொடிக்கு முன்னே நின்றால் விரைவு குறைவு. சில வாரங்கள் சென்றபின் விசில் ஊதாமல் ஓடச் செய்து, காலத்தை அவர்களையே கூறச் சொல்ல வேண்டும். கடிகாரமின்றியே, "இது முப்பது விநாடி ஓட்டம்" என்று சொல்லவல்ல மாணவர் பாதி வெற்றியை அடைந்தவர். கைக்கடிகாரங்கள் செய்யும் தொழிற்சாலையைக் கொண்ட ஓசூரில் பிறந்த பிள்ளைகளுக்கு விநாடியின் அருமையை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இதுவரை ஓட்டத்தைப் பற்றிக் கூறினோம். இனி, ஓடாதிருக்கும் நேரத்தைப் பற்றிக் கூறுவோம்.

தமிழில் ஓய்வு என்றும் இளைப்பாறுதல் என்றும் இரு சொற்கள் உள்ளன. இரண்டையும் ஒன்றாகவே வழங்குகின்றோம். ஆயினும் பொருளில் நுண்ணிய வேறுபாடு உண்டு. ஓய்தல் என்பது செய்த தொழில் நின்றுபோதல். இளைப்பாறுதல் என்பதோ இளைப்பு ஆறுதல். புண் ஆறுகின்றது, பாலின் சூடு ஆறுகின்றது, துன்பமுற்ற நெஞ்சம் ஆறுகின்றது, அவ்வாறே இளைப்பும் ஆறுகின்றது. இவ்விடங்களிலெல்லாம் ஆறுதல் என்பது ஒரு வினை. உள்ளே ஏதோ ஒன்று நிகழ்ந்துகொண்டிருப்பதைக் குறிப்பது. புண்ணின்மேல் தோல் வளர்வது நம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அது வளர்ந்துகொண்டுதான் இருக்கின்றது. ஓடி நின்ற மாணவன் மரநிழலில் வாளா அமர்ந்திருப்பதாக நமக்குத் தோன்றினும், அவன் உடம்பு அப்போது கடுமையாக வேலை செய்துகொண்டிருக்கின்றது. தீர்ந்துபோன கிரியாட்டின் பாஸ்பேட்டில் ஏறத்தாழப் பாதி முதல் அரை நிமிடத்தில் மீண்டும் உண்டாகின்றது. மூன்று முதல் ஐந்து நிமிடங்களில் பெரும்பகுதி நிறைந்துவிடும். ஆனால் மிகுதியாகத் தோன்றிய லாக்டேட் குறைந்து பழைய அளவிற்கு வர ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். அசையாது படுத்துவிடுவதைக் காட்டிலும் மெல்ல நடந்தோ மெல்லோட்டம் ஓடியோ இளைப்பாறினால் அது இன்னும் விரைவில் குறையும். கடுமையாக ஓடியவுடன் தரையில் சாய்ந்துவிடாது உலவுக என்று ஆசிரியர் கூறுவதன் காரணம் இதுவே.

ஆறுதலையே பயிற்சியின் நடுப்பொருளாகக் கொண்ட அறிஞர் இருவர் ஜெர்மனியில் இருந்தனர். ஒருவர் பயிற்றாசிரியர் வோல்டமார் கெர்ஷ்லர். மற்றவர் இதய மருத்துவர் எர்பர்ட் ரைண்டல். 1930களில் அவர்கள் வகுத்த முறையில், வீரர் குறுகிய தொலைவை விரைந்து ஓடுவார். நாடித்துடிப்பு நிமிடத்திற்கு 180 அளவிற்கு உயரும். பின் இளைப்பாறுவார். ஒன்றரை நிமிடத்திற்குள் துடிப்பு 120க்குத் தாழ்ந்தால் அடுத்த ஓட்டத்தைத் தொடங்குவார். தாழாவிடின் ஓட்டம் மிகையாயிற்று என்பது பொருள். அன்றைய பயிற்சியை மாற்றவோ நிறுத்தவோ வேண்டும். இதயம் வலுப்பெறுவது இந்த இடைவேளையில்தான் என்று அவர்கள் கருதினர். அம்முறைக்கு இடைவேளைப் பயிற்சி என்னும் பெயர் வந்ததும் அதனாலேயே. ஓட்டத்தின் பெயரால் அன்றி, ஓட்டத்திற்கு நடுவேயுள்ள ஆறுதலின் பெயரால் ஒரு பயிற்சிமுறை வழங்குவது எண்ணி மகிழத்தக்கது. கெர்ஷ்லரிடம் பயின்ற ருடால்ப் ஆர்பிக் 1939ஆம் ஆண்டு சூலை 15ஆம் நாள் மிலான் நகரில் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 விநாடிகளில் ஓடினார். முந்தைய உலகச் சாதனையிலிருந்து ஒரே ஓட்டத்தில் 1.8 விநாடிகளை அவர் குறைத்தார். 1955ஆம் ஆண்டுவரை அதனை எவரும் முறியடிக்கவில்லை.

மாணவரும் தம் நாடியைத் தாமே பார்க்கலாம். மணிக்கட்டில் இரு விரல்களை வைத்துப் பத்து விநாடிகளுக்குத் துடிப்பை எண்ணி ஆறால் பெருக்க வேண்டும். பத்து விநாடியில் 30 துடிப்பு எனின் நிமிடத்திற்கு 180. 20 துடிப்பு எனின் 120. துடிப்பின் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆகவே பிறரோடு ஒப்பிடாது, நேற்றைய தம் அளவோடு இன்றைய அளவை ஒப்பிடுக.

ஆறுதலின் ஆற்றலை மற்றொரு வகையாலும் காணலாம். மேற்கூறிய மாணவி 200 மீட்டரை 32 விநாடிகளில் எட்டுமுறை, இரண்டிரண்டு நிமிட இடைவேளையுடன் ஓடுகின்றாள் என்க. இளைப்பு முழுதும் ஆறுமுன் அடுத்த ஓட்டம் வருவதால், ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் வளர்கின்றது. மற்றொரு நாள் அவளே 200 மீட்டரை 28 விநாடிகளில் மூன்றுமுறை மட்டும், பத்துப் பத்து நிமிட இடைவேளையுடன் ஓடுகின்றாள். இப்போது உயர்ந்த விரைவைத் தாங்கும் திறன் வளர்கின்றது. தொலைவு ஒன்றே; களம் ஒன்றே; விரைவையும் இடைவேளையையும் மாற்றியதும் பயிற்சியின் பயனே மாறிவிட்டது. இதை அறியாது, 28 விநாடி ஓட்டத்தை இரண்டு நிமிட இடைவேளையுடன் செய்யப் புகுந்தால், இரண்டாம் ஓட்டம் 30 ஆகும், மூன்றாவது 33 ஆகும். உடல் வளைந்து, கால் தடுமாறி, தவறான ஓட்டமே பழக்கமாகும். கிளைடு ஹார்ட்டு பருவத்தின் தொடக்கத்தில் 200 மீட்டர் ஓட்டங்களைப் பலமுறை மிதமாக ஓடச் செய்து, போட்டி நெருங்க நெருங்க எண்ணிக்கையைக் குறைத்து விரைவைக் கூட்டியதும் இவ்வறிவைக் கொண்டே.

ஓர் ஓட்டத்திற்கும் அடுத்த ஓட்டத்திற்கும் இடையே ஆறுதல் வேண்டுவதுபோல, ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் இடையிலும் அது வேண்டும். கடும் விரைவோட்டப் பயிற்சிக்குப்பின் மீண்டும் அத்தகைய பயிற்சிக்கு ஏறத்தாழ 48 மணி நேர இடைவெளி நன்று. இடைநாளில் மெல்லோட்டமும் உடலை நீட்டி வளைக்கும் பயிற்சியும் போதும். தசையில் செலவான கிளைக்கோஜன் நிறைவதற்குச் சோறு, கேழ்வரகுக் களி, கிழங்கு போன்ற மாவுணவும், தசை செப்பமுறுவதற்குப் பயறு, பால், முட்டை போன்ற புரத உணவும் வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் விளையும் கேழ்வரகு நம் பிள்ளைகளின் கைக்கெட்டும் பொருளே. எல்லாவற்றினும் மேலான மருந்து உறக்கம். வளரும் பருவத்து மாணவர்க்கு நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் வேண்டும்.

இவ்விடத்தில் ஓசூர் பகுதியின் வாழ்க்கைநிலையை எண்ணிப்பார்த்தல் தகும். தமிழ்நாடு அரசு 1971ஆம் ஆண்டு சிப்காட் நிறுவனத்தைத் தோற்றுவித்தபின், இங்குத் தொழிற்சாலைகள் பெருகின. கர்நாடக எல்லையை ஒட்டிய இவ்வூரில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசும் மக்கள் கலந்து வாழ்கின்றனர். பலர் முறைமாற்றுப் பணி செய்பவர். தந்தை இரவு பதினொரு மணிக்கு வீடு திரும்புவார். அல்லது வைகறையில் புறப்படுவார். ஒரே அறையில் வாழும் குடும்பத்தில் பிள்ளைகளின் உறக்கமும் அதனோடு கலைகின்றது. விடியற்காலை ஐந்து மணிக்குப் பயிற்சிக்கு வராத சிறுவனைச் சோம்பேறி எனக் கடிந்துகொள்ளுமுன், அவன் எத்தனை மணிக்கு உறங்கினான் என்று ஆசிரியர் வினவுதல் வேண்டும். அத்தகையவனுக்கு மாலைப் பயிற்சியே ஏற்றது. தொழிற்சாலையில் பொறிகளைக்கூட நாள்வரையறை செய்து நிறுத்தி, எண்ணெயிட்டு, தேய்ந்த உறுப்பை மாற்றுகின்றனர். அதனை எவரும் பொறியின் சோம்பல் என்பதில்லை. இரும்பிற்குக் காட்டும் பரிவை எலும்பிற்கும் காட்டல் வேண்டாவா?

ஆறாத உடம்பு சில அடையாளங்களால் தன்னை உணர்த்தும். காலையில் எழும்போதே நாடித்துடிப்பு வழக்கத்தினும் மிகுந்திருத்தல், பசியின்மை, உறக்கமின்மை, ஒரே இடத்தில் நீங்காத வலி, எரிச்சலுற்ற மனம், முன்பு எளிதாக இருந்த ஓட்டம் இப்போது கடினமாதல் ஆகியன அவை. இவற்றைக் கண்டால் பயிற்சியைக் குறைக்க வேண்டும். காய்ச்சலோடு ஓடுதல் கூடாது. ஓடும்போது மார்பில் வலியோ மயக்கமோ தோன்றினால் உடனே நின்று மருத்துவரைக் காண வேண்டும். மயங்கி விழுதல் வீரத்தின் அடையாளம் அன்று. உடம்பு பலமுறை கூறியும் கேளாதபோது அது இறுதியாகக் கூறும் சொல்.

ஆறுதலை அறிந்தவர்க்கே அடுத்தடுத்த நாட்களில் ஓடும் ஆற்றல் வாய்க்கும். கேரளத்துப் பையோலியைச் சேர்ந்த பி. டி. உஷா, பயிற்றாசிரியர் ஓ. எம். நம்பியாரிடம் பயின்றவர். 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் போட்டியில் 400 மீட்டர் தடையோட்டத்தை 55.42 விநாடிகளில் ஓடினார். ருமேனிய வீராங்கனை கிரிஸ்டியானா கோயோகாருவின் காலம் 55.41. விநாடியின் நூறில் ஒரு பகுதியால் வெண்கலம் தவறியது. உஷாவின் அக்காலம் 39 ஆண்டுகள் எட்டாக்கனியாய் இருந்தது. 2023ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், சீனத்து ஹாங்சோ நகரில் நிகழ்ந்த ஆசியப் போட்டியின் தகுதி ஓட்டத்தில், நம் கோயம்புத்தூரைச் சேர்ந்த வித்யா ராம்ராஜ் அதே 55.42 விநாடிகளில் ஓடி அச்சாதனையைச் சமன் செய்தார். காலையில் இச்செயலைச் செய்தவர், அன்று மாலையே ஆடவரும் மகளிரும் கலந்தோடும் 4 × 400 மீட்டர் தொடரோட்டத்தில் ஓடி வெள்ளிப்பதக்கம் பெற்ற அணியில் இடம்பெற்றார். அவ்வணியில் தமிழ்நாட்டைச் சேர்ந்த சுபா வெங்கடேசனும் ராஜேஷ் ரமேஷும் இருந்தனர். மறுநாள் தடையோட்ட இறுதியில் வித்யா 55.68 விநாடிகளில் ஓடி வெண்கலம் வென்றார். அதற்கு மறுநாள் மகளிர் தொடரோட்டத்தில் மற்றொரு வெள்ளி பெற்றார். மூன்று நாட்களில் நான்கு கடும் ஓட்டங்கள்! ஓட்டத்திற்கும் ஓட்டத்திற்கும் இடைப்பட்ட ஒவ்வொரு மணி நேரத்தையும் உணவாகவும் நீராகவும் உறக்கமாகவும் மாற்றத் தெரியாத உடம்பு இதனைத் தாங்கியிராது.

மாணவர்களே! ஓசூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருவின் கண்டீரவா விளையாட்டரங்கில் தேசியத் தடகளப் போட்டிகள் பல நிகழ்ந்துள்ளன. எல்லையைக் கடந்து அங்குச் சென்று ஓடும் நாள் உங்களுள் சிலருக்கு வாய்க்கலாம். அந்நாளில் துப்பாக்கி ஒலித்ததும், அருகிலிருப்பவர் எவ்வளவு விரைகின்றார் என்பதை நோக்கி உங்கள் சீரை இழந்துவிடாதீர்கள். அதற்கு முந்தைய நாட்களிலோ, இளைப்பாறும் நேரத்தை வீணான நேரமென்று வெறுக்காதீர்கள். உங்களுள் பலர் தடகளத்திற்கே செல்லாதிருக்கலாம். ஆயினும் தேர்வுக்கு முந்தைய இரவு முழுதும் விழித்துப் படித்து, காலையில் வினாத்தாளின்முன் கண் மயங்கும் மாணவனும், முதல் இருநூறு மீட்டரில் எல்லாவற்றையும் செலவிட்டவனும் ஒரே பிழையைச் செய்தவர்களே. ஆண்டு முழுதும் அளவறிந்து பயில்க, அவ்வப்போது இளைப்பாறுக, பின் மீண்டும் எழுந்து ஓடுக. உழைப்பையும் ஆறுதலையும் இரு கால்களாகக் கொண்டு செல்பவரே எல்லைக்கோட்டை நிமிர்ந்த தலையோடு கடப்பர்.

பயிற்சி வினாக்கள்

1. மலையேறும் லாரிக்கும் 400 மீட்டர் ஓடும் மாணவர்க்கும் உள்ள ஒப்புமை யாது?
2. தசைக்கு ஆற்றல் கிடைக்கும் மூன்று வழிகளை விளக்குக.
3. ரோம் ஒலிம்பிக் போட்டியில் மில்கா சிங் பதக்கத்தை இழந்ததிலிருந்து நாம் அறியத்தக்கது யாது?
4. ஓய்வு, இளைப்பாறுதல் என்னும் சொற்களின் பொருள் வேறுபாட்டைப் புலப்படுத்துக.
5. உங்கள் பள்ளிக் களத்தில் 50 மீட்டருக்கு ஒரு கொடி நட்டு, 400 மீட்டரை 64 விநாடிகளில் ஓடும் சீருக்கு எத்தனை விநாடிக்கு ஒருமுறை விசில் ஊத வேண்டும் எனக் கணக்கிடுக.
6. "ஆறுதலும் பயிற்சியே" என்னும் தலைப்பில் ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.